ஈஸா நபிக்குப் (இயேசுவுக்குப்) பதில் யூதாஸா? குர்ஆனில் அந்தப் பெயர் எங்கே?

நூர்முகம்:
ஒரு காணொளியில் ஒருவர், "ஈஸா நபிக்குப் பதில், அவரைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸ்தான் சிலுவையில் அறையப்பட்டான், குர்ஆனே சொல்கிறது" என்று அடித்துப் பேசுகிறார். கீழே வரிசையாகப் பாராட்டு. ஒருவராவது குர்ஆனைத் திறந்து பார்த்தீர்களா? குர்ஆனின் நான்காம் அத்தியாயம் அந்நிஸா, வசனம் 157: "அவர்கள் அவரைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை, அவர்களுக்கு அப்படித் தோன்றச் செய்யப்பட்டது." அடுத்த வசனத்தில் அல்லாஹ் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டதாக வருகிறது. அவ்வளவுதான். யூதாஸ் பெயர் எங்கே?

பீட்டர்_வாசகன்:
யூதாஸ் இல்லையென்றால் வேறு யார்? சிலுவையில் ஒருவர் மரித்தார் என்பது வரலாறு. டாசிட்டஸ் என்ற ரோமானிய வரலாற்றாசிரியர், திபேரியு ஆட்சியில் பொந்தியு பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை கொடுத்ததை எழுதி வைத்திருக்கிறார். அவர் கிறிஸ்தவரும் இல்லை, கிறிஸ்தவர்களைக் கண்டாலே பிடிக்காதவர். அதற்கு ஐந்நூறு ஆண்டுகள் கழித்து வந்த ஒரு வசனத்தை வைத்து எல்லாவற்றையும் மாற்றப் பார்க்கிறீர்கள்.

நூர்முகம்:
டாசிட்டஸை யார் கேட்டது? யூதாஸ் பெயர் குர்ஆனில் எங்கே என்றுதான் கேட்டேன்.

அமீர்_86:
அண்ணே, ஈஸா நபியின் சீடர் பர்னபா எழுதியதாகச் சொல்லப்படும் பர்னபா சுவிசேஷத்தில் தெளிவாக இருக்கிறது. யூதாஸுக்கு முகமும் குரலும் மாறி, அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நம் பக்கத்து ஆதாரத்தை நீங்களே ஏன் தள்ளுகிறீர்கள்?

நூர்முகம்:
தம்பி, போன மாதமும் இதையே கொண்டுவந்தீர்கள், அப்போதும் பதில் சொன்னேன். அந்த நூலில் நூறு ஆண்டுக்கு ஒருமுறை யூபிலி என்ற புனித ஆண்டு வருகிறது. மூஸா நபியின் வேதமான தவ்ராத்தில் அது ஐம்பது ஆண்டு. நூறு என்று வைத்தது 1300இல் ஒரு போப். ஈஸா நபி காலத்து ஆளுக்கு அது எப்படித் தெரியும்? அதைவிடப் பெரிய சிக்கல், அந்த நூலில் ஈஸா நபி "நான் மஸீஹ் (மேசியா) இல்லை" என்கிறார். குர்ஆன் அவரை அல்மஸீஹ் என்றே அழைக்கிறது. குர்ஆனுக்கு எதிராகப் பேசும் நூல் உங்களுக்கு ஆதாரமா?

அமீர்_86:
அப்படியானால் தஃப்சீர் (குர்ஆன் விளக்கவுரை) எழுதிய இமாம்கள் எல்லோரும் தவறா? ஆள் மாறிய செய்தி இமாம் தபரியின் தஃப்சீரிலேயே இருக்கிறதே.

நூர்முகம்:
இருக்கிறது. ஒன்றா இருக்கிறது? ஓர் அறிவிப்பில் சீடர்கள் எல்லோருக்கும் அவருடைய உருவம் வந்துவிடுகிறது. இன்னொன்றில் ஒரு சீடர் தானாக முன்வந்து அந்த உருவத்தை ஏற்கிறார். இமாம்கள் செய்திகளைத் தொகுத்தார்கள். ஓர் உருவத்தை இன்னொருவர் மேல் போடலாம் என்றால் கண்ணால் பார்த்த எதையும் நம்ப முடியாதே என்ற கேள்வியை, தஃப்சீர் எழுதிய இமாம் ராஸி அப்போதே எழுப்பியிருக்கிறார். நான் வசனத்தைக் கேட்கிறேன். யூதாஸ் பெயர் எங்கே?

பீட்டர்_வாசகன்:
நன்றி பாய், என் வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். ஆள் யாரென்று உங்கள் ஆட்களுக்கே தெரியவில்லை.

நூர்முகம்:
முதலில், பாய் என்று கூப்பிடாதீர்கள். உங்களை நான் பாதிரி என்றா அழைக்கிறேன்?

பீட்டர்_வாசகன்:
மரியாதைக்குத்தான் சொன்னேன். அதில் என்ன குறை கண்டீர்கள்?

அமீர்_86:
போன திரியில் எங்கள் நபியைப் பற்றிப் பேசியபோது அந்த மரியாதையைப் பார்த்தோமே.

மல்லிகா:
கொஞ்சம் நிறுத்துங்கள். கன்னியாக இருந்த மர்யமிடம் பிறந்தவர், தொழுநோயாளியைக் குணமாக்கியவர், திரும்பவும் வரப்போகிறவர்: இவ்வளவும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம்தான். அதைப் பேசலாமே.

பீட்டர்_வாசகன்:
சகோதரி, எதை ஒத்துப்போகிறது என்கிறீர்கள்? சிலுவையும் இல்லை, தேவனுடைய மகனும் இல்லை. அவை இல்லாமல் எங்களுக்கு மிச்சம் எது? குர்ஆனில் வரும், களிமண் பறவைக்கு அவர் உயிர் கொடுத்த கதை எங்கள் நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. திருச்சபை ஏற்காத தோமாவின் குழந்தைப்பருவ நூலில்தான் இருக்கிறது.

நூர்முகம்:
உங்கள் சபை ஏற்கவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? அவர் செய்த அற்புதமெல்லாம் அல்லாஹ்வின் அனுமதியோடு என்று குர்ஆனின் ஆலஇம்ரான் அத்தியாயம், வசனம் 49 சொல்கிறது. அதை வேறு திரியில் வைத்துக்கொள்வோம், இங்கே திசை திருப்ப வேண்டாம்.

மல்லிகா:
திசை திருப்பியது நானா? பாய், பாதிரி என்று சண்டை போட்டது யார்?

அமீர்_86:
நூர்முகம் அண்ணே, எல்லோரையும் குர்ஆன் படிக்காதவர்கள் என்று நினைக்கிறீர்கள். பெயர் இல்லை என்பதால் யூதாஸ் இல்லை என்று ஆகாது. வசனம் மறுக்கவும் இல்லையே.

நூர்முகம்:
மறுக்கவில்லை என்பது ஆதாரமா? அப்படிப் பார்த்தால் பிலாத்துவைத்தான் அறைந்தார்கள் என்றும் சொல்லலாம், அதையும் வசனம் மறுக்கவில்லை. "குர்ஆன் சொல்கிறது" என்று காணொளியில் சொன்னவர் வசன எண்ணைச் சொல்லட்டும். நீங்களும் சொல்லுங்கள்.

பீட்டர்_வாசகன்:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அங்கே தொங்கியது யார்?

அமீர்_86:
அதற்குத்தானே பர்னபாவைச் சொன்னேன்.