புது சம்ப்புக்குள் எபாக்சி அடிக்க ஆள் இறக்கலாமா?

மன்னார்குடி சூப்பர்வைசர்:
வணக்கம். அடுக்குமாடி வீட்டு வேலை. தரைக்குக் கீழே 40,000 லிட்டர் சம்ப். மேல்தளம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. உள்ளே மேல்தளத்துக்கு முட்டுக் கொடுத்த சென்டரிங் பலகை இன்னும் பிரிக்கவில்லை. நடுவில் மழை பெய்து முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. ஆள் இறங்க இரண்டடிக்கு இரண்டடி திறப்பு ஒன்றுதான். பலகையைப் பிரித்துச் சுத்தம் செய்து எபாக்சி என்ற பிசின் பூச்சு அடிக்க வேண்டும். பெயின்டர் தின்னர் (கரைப்பான்) கலந்து அடிக்கும் ரகத்தை இறக்கி வைத்திருக்கிறார். மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்கலாம், எரிந்தால் ஆளும் இறங்கலாம் என்கிறார் மேஸ்திரி. உரிமையாளர் மருந்துக் கடையில் ஒரு பெட்டி மாஸ்க் வாங்கிக் கொடுத்திருக்கிறார். திங்கள்கிழமை வேலை தொடங்க வேண்டும். இவ்வளவு போதுமா?

கும்பகோணம் ஒப்பந்தக்காரர்:
எங்கள் பக்கம் காலங்காலமாக மெழுகுவர்த்திதான். மூடியை முந்தைய நாளே திறந்து வைத்துவிடுங்கள், போதும்.

மேன்ஹோல் காவல்காரன்:
திங்கள்கிழமை யாரையும் இறக்காதீர்கள் தம்பி. மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் குழியில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது அந்தப் பலகை. மூடிய இடத்தில் ஈரமரம் அழுகும்போது நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. அது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கிவிடும். மூடியைத் திறந்து போட்டால் மேலே இருப்பது மாறும், கீழே இருப்பது அசையாது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே இறங்கினால் ஆளை விடக்கூடாது. 10-க்குக் கீழே நினைவு தப்ப அதிக நேரம் ஆகாது. கத்திக் கூப்பிடவும் அவகாசம் இருக்காது.

மெழுகுவர்த்தியோ ஏறத்தாழ 16, 17 சதவீதம் வரை எரியும். ஆள் இறங்கக்கூடாத காற்றிலும் அது நன்றாகவே எரிந்து காட்டும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் சுடர் அணையாது. எபாக்சி டப்பாவைத் திறந்த பிறகு அந்தச் சுடரை உள்ளே விட்டால் நீங்களே கொள்ளி வைத்த மாதிரி. தின்னரில் இருக்கும் டொலுவீன், சைலீன் ஆவி காற்றில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தாலே பற்றிக்கொள்ளும். அதுதான் இரண்டாவது ஆபத்து.

மருந்துக் கடை மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் ஆவியை ஓரளவு பிடிக்கும், ஆனால் இல்லாத ஆக்சிஜனை அது எங்கிருந்து கொடுக்கும்?

நான் சிங்கப்பூரில் மேன்ஹோல் வாயிலில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன். அங்கே 2009 விதிகளின்படி ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 வரை இருக்க வேண்டும். எரியும் ஆவி, தீப்பற்றும் குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு நான்கையும் அளக்கும் மீட்டரின் குழாயை மேல், நடு, அடி என்று நிறுத்தி, ஒவ்வொரு மட்டத்திலும் எண் நிலைக்கும்வரை காத்திருப்போம். மேலே 20.9 காட்டிய மீட்டர் குழாய் இறங்க இறங்கக் குறைந்து, அடியில் 17-க்கு வந்து நின்று அலறியதைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு அது சுத்தமான, காய்ந்த தொட்டி. உள்ளே ஆள் இருக்கும்வரை டீ குடிக்கக்கூட நான் எழுந்து போகக்கூடாது.

செய்ய வேண்டியது: தண்ணீரை வெளியிலிருந்தே இறையுங்கள். டீசல் மோட்டார் திறப்பின் பக்கத்தில் வேண்டாம். வெளிக்காற்றை உள்ளே ஊதும் புளோயரே அதன் புகையையும் உள்ளே தள்ளிவிடும். புளோயர் குழாய் அடிவரை போக வேண்டும், வேலை முடியும்வரை ஓட வேண்டும். ஆள் இறங்கும் முன்பும், உள்ளே இருக்கும்போதும் மீட்டர் பாருங்கள்.

அப்புறம், குடிதண்ணீர்த் தொட்டிக்குத் தின்னர் எபாக்சி எதற்கு? குடிநீருக்கு ஏற்றது என்று சான்று பெற்ற, பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு கிடைக்கிறது. கையுறை மட்டும் மறக்க வேண்டாம். ஈரச் சிமென்டின் பி.எச். 12-க்கு மேல், தோலை வேகவைத்துவிடும். அடிக்கும் பொருளை மாற்றினால் இரண்டாவது ஆபத்து குழிக்குள்ளேயே வராது. உரிமையாளர் மாஸ்க்குக்குச் செலவழித்த அக்கறையை இதில் காட்டட்டும்.

மன்னார்குடி சூப்பர்வைசர்:
நன்றி அண்ணா. எல்லாம் செய்தும் உள்ளே ஒருவர் மயங்கினால்?

மேன்ஹோல் காவல்காரன்:
இன்னொருவர் குதிக்கக்கூடாது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-இல் விடுத்த எச்சரிக்கையில், இத்தகைய சாவுகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. இறங்கும்போதே உடலில் ஹார்னஸ் என்ற பட்டை மாட்டி, கயிற்றை மேலே, திறப்பின் மீது நிறுத்தும் முக்காலியின் (மூன்று கால் தாங்கி) வின்ச்சில், அதாவது கயிறு சுற்றும் உருளையில், கட்டுங்கள். மயங்கியவரை மேலிருந்தே தூக்க வேண்டும். முக்காலி இல்லை என்றால் இறக்கம் இல்லை. 101-ஐ அழையுங்கள், தீயணைப்புத் துறையிடம் மூச்சுக் கருவி இருக்கும்.

கோவை பெயின்டர்:
அண்ணன் சொல்வது சரி. எபாக்சிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கரைப்பான் இல்லாத ரகம் கேளுங்கள், கடைக்காரரிடம் 16 பகுதி கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாளையும் வாங்குங்கள். அதிலும் பூச்சை இறுக வைக்கும் ஹார்டனர் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு அந்த வேலைக்கே போக முடியாமல் போகலாம். எங்கள் ஆட்கள் கையைத் தின்னரில் கழுவுவார்கள், அதை நிறுத்துங்கள். மிச்சத் தின்னரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மாடிப்படிக்குக் கீழே வைக்க விடாதீர்கள். சித்தாள்களின் பிள்ளைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள்.

மன்னார்குடி சூப்பர்வைசர்:
பிரிக்காத டப்பாக்களைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். மீட்டரும் முக்காலியும் திருச்சியில் வாடகைக்குச் சொல்லியாயிற்று, வியாழன் வரும். மேஸ்திரிக்குக் கோபம்தான். இன்று தண்ணீர் இறைக்க மட்டும் ஆள் வைத்திருக்கிறேன். திறப்பைச் சுற்றித் தடுப்புக் கட்டியாயிற்று.