புதுப்பிப்பு: கிங் பின் மாற்றிய பிறகு அலைந்த லொறி

முன் அச்சில் கிங் பின்னும் (முன்சில்லு இடம் வலம் திரும்பும் அச்சாணி), அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் (உலோக உறை) மாற்றிய பிறகு என் லொறியின் ஸ்டியரிங் இறுகிவிட்டது, திருப்பினால் நடுவுக்கு மீளாது, கந்தளாய் வீதியில் இரு பக்கமும் அலைகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். ஸ்டியரிங் பெட்டியை (ஸ்டியரிங் சுழற்சியைச் சில்லுகளைத் திருப்பும் அசைவாக மாற்றும் பகுதி) மாற்றச் சொன்னவர்களே அதிகம். நல்ல வேளை, அவசரப்படவில்லை.

உப்புவெளியில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் காட்டினேன். முன் அச்சை ஜக்கில் தூக்கி, பெட்டியையும் சில்லையும் இணைக்கும் தண்டான டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கைச் சுற்றினார், இலகுவாக ஓடியது. "இப்போது சில்லைத் திருப்புங்கள் தம்பி" என்றார். முழுப் பலத்தோடு தள்ளியும் அரைகுறையாகத்தான் அசைந்தது. பெட்டியில் குறையே இல்லை! புதிய புஷ்ஷின் துளையை ரீமரால் (துளையைச் சீவி அளவாக்கும் கருவி) அளவாக்காமல் கிங் பின்னை அடித்து இறக்கியிருக்கிறார்கள். ரீமர் போட்டு, சில்லு தொங்கிய நிலையிலேயே கிறீஸ் ஏற்றினார். பாரம் இருக்கும்போது ஏற்றினால் பாரத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பெயரிங்குக்குள் அது சரியாகப் போகாதாம்.

இறுக்கம் போனது, அலைச்சல் முழுதாகப் போகவில்லை. வில்லுக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள ஆப்புத் தகடுகளைத் தலைகீழாகப் பூட்டியிருந்தார்கள். தடித்த முனை பின்னால் இருக்க வேண்டியது, முன்னால் இருந்தது. அதனால் காஸ்டர் கோணம் (கிங் பின் பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்து, சில்லு நேராக நிற்கும் குணத்தையே இழந்திருந்தது. டோ (முன்சில்லுகள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்த அலைன்மென்டில் இது தெரியவில்லை.

மாலையில் அந்த வீதியோரம் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். அதுதான் என் பயமாக இருந்தது. நேற்று நெல் ஏற்றிக்கொண்டு தம்பலகாமம் வளைவைக் கடந்தேன். பிடியைத் தளர்த்தியதும் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வந்தது.