யொரூபா என்ற இனத்தை மிஷனரிகள்தான் உருவாக்கினார்களா?

கல்வெட்டுக்காரன்:
இன்னொரு இழையில் ஒருவர் "யொரூபா மக்கள் ஆயிரம் வருடமாக ஒரே இனம்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தார். அங்கே பேச்சு கால்பந்துக்குத் தாவிவிட்டதால் தனி இழை தொடங்குகிறேன்.

1800 வாக்கில் இன்றைய தென்மேற்கு நைஜீரியாவில் ஒரு ஆளை நிறுத்தி நீ யார் என்று கேட்டிருந்தால் எக்பா, இஜேபு, இஜேஷா, எகிட்டி, ஒண்டோ என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பார். 'யொரூபா' என்று சொல்லியிருக்க மாட்டார். அது வடக்கே இருந்த ஹௌசாக்கள் ஓயோ நாட்டாருக்கு வைத்த பெயர். அதை இழுத்து எல்லார் தலையிலும் கட்டியவர்கள் 19ஆம் நூற்றாண்டு மிஷனரிகள். அகராதி போட்டார்கள், பைபிளை மொழிபெயர்த்தார்கள், பள்ளிக்கூடம் திறந்தார்கள், இனம் ரெடி.

இல்லை, முன்பே ஒரே இனம்தான் என்பவர்கள் கிரிஜி போரை விளக்கட்டும். ஒரு பக்கம் இபாதான், மறுபக்கம் எகிட்டி, இஜேஷா கூட்டணி. 1877 முதல் 1893 வரை, 16 வருடம்.

நீலமலை:
சண்டை போட்டார்கள், அதனால் ஒரே இனம் இல்லை! இது என்ன கணக்கு? ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் 27 வருடம் அடித்துக்கொண்டன. கிரேக்கர் என்று யாரும் இல்லை என்பீர்களா?

பெயருக்கு வருகிறேன். திம்புக்டு அறிஞர் அகமது பாபா 1615இல் அடிமைமுறை பற்றி எழுதியபோதே யொரூபா என்ற பெயரைக் குறிப்பிடுகிறார். அப்போது அந்தப் பக்கம் எந்த மிஷனரி போயிருந்தார்?

பெயரை விடுங்கள். யொரூபாக்கள் மூதாதை என்று சொல்லும் ஒடுடுவா வானத்திலிருந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், தண்ணீர் மேல் மண்ணைக் கொட்டினார், கோழி அதைக் காலால் சீய்த்துப் பரப்பியது, அப்படித்தான் நிலம் உண்டானது, அந்த இடம்தான் இலே-இஃபே. இந்தக் கதையை மிஷனரியா சொல்லிக் கொடுத்தார்? முகத்தை மறைக்கும் மணித்தொங்கல் வைத்த கிரீடம் அணியும் அரசர்கள் எல்லாரும் தங்கள் மூலம் இஃபே என்றுதான் சொன்னார்கள். குதிரைப்படை வைத்து அக்கம்பக்கத்தை ஆட்டிவைத்த ஓயோகூட அப்படித்தான் சொன்னது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "வெளியார்தான் உருவாக்கினார்கள்" என்ற வாதத்துக்கு ஒரு மோசமான பரம்பரை உண்டு. 1910இல் இஃபே போன ஜெர்மானியர் ஃப்ரோபேனியஸ் அந்த அற்புதமான சிலைத் தலைகளைப் பார்த்துவிட்டு, இதை இந்த ஊர்க்காரர்கள் செய்திருக்க முடியாது, கடலில் மூழ்கிய அட்லாண்டிஸின் மிச்சம் என்றார். 1938இல் அரண்மனை பக்கத்தில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது இன்னும் பல தலைகள் கிடைத்தன. இன்று அட்லாண்டிஸ் பற்றி யாரும் பேசுவதில்லை.

கல்வெட்டுக்காரன்:
என்னை ஃப்ரோபேனியஸோடு சேர்க்காதீர்கள். சிலையைச் செய்தவர்கள் இஃபே மக்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் தங்களை யொரூபா என்று நினைத்தார்களா என்பதுதான் கேள்வி.

அகமது பாபா சொன்னது வடக்கத்தியார் பார்த்த ஓயோவை. அது என் வாதத்துக்குத்தான் சாதகம்.

ஒடுடுவா கதைக்கு வருகிறேன். கிழக்கே இருந்த பெனின் ராஜ்யத்தின் (இன்றைய பெனின் நாடு அல்ல) அரச வம்சமும் இஃபேயிலிருந்து வந்த இளவரசர் ஒரன்மியானைத்தான் மூலமாகச் சொல்கிறது. பெனின் மக்கள் யொரூபாவா? அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். ஒடுடுவாவே பெனினிலிருந்து துரத்தப்பட்ட இளவரசர்தான் என்று திருப்பிச் சொல்கிறவர்கள் அங்கே உண்டு. அப்புறம் இட்செகிரி மக்கள். மொழி யொரூபாவுக்கு மிக நெருக்கம், ஆனால் அவர்கள் தங்களை யொரூபா என்று சொல்லிக்கொள்வதில்லை. வம்சக்கதை போதாது, மொழியும் போதாது என்றால் வேறு எது இவர்களை ஒன்றாகக் கட்டியது?

லாகோஸ்வாசி:
புத்தகம் படித்தவர்கள் பேசுங்கள். நான் வேலைக்காக ஒன்பது வருடம் லாகோஸில் இருந்தவன், பார்த்ததைச் சொல்கிறேன்.

என் வீட்டு உரிமையாளர் இஜேபுக்காரர். வீடு பார்க்கப் போன முதல் நாளே "நான் இஜேபு, பணத்தில் கறார்" என்றார், என்னவோ பட்டம் மாதிரி. ஆனால் டிவியில் வடக்கத்திய அரசியல்வாதி யாராவது பேசினால் உடனே "நாங்கள் யொரூபாக்கள்" ஆகிவிடுவார்.

என் டிரைவர் ஓயோ பக்கம். ஒருமுறை ஒண்டோவில் வழி தவறி ஒரு பாட்டியிடம் விசாரித்தான். பாட்டி ஐந்து நிமிடம் கை நீட்டி நீட்டிச் சொன்னாள். இவன் தலையாட்டிக்கொண்டே நின்றான். வண்டியில் ஏறி, "சார், எனக்குப் பாதி புரியவில்லை" என்றான். ஆனால் அவன் அந்தப் பாட்டிக்கு முன்னால் கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து வணங்கினான் பாருங்கள், அதில் எந்தக் குழப்பமும் இல்லை. பெரியவர்களைக் கண்டால் ஆண் நெடுஞ்சாண்கிடையாக விழுவான், பெண் மண்டியிடுவாள். நடுரோட்டில் அவசரத்துக்கு அது அரைக் குனிவாகச் சுருங்கும், அவ்வளவுதான்.

காலை வணக்கம் "ஏ காரோ, ஓ ஜீரே?" விடிந்ததா, நன்றாக எழுந்தீர்களா என்கிற மாதிரி. தங்களையே "காரோ-ஓஜீரே பிள்ளைகள்" என்றும் சொல்லிக்கொள்வார்கள்.

அரைகுறை:
சின்னச் சந்தேகம். அடிமைக் கப்பலில் போனவர்கள் போன இடத்தில் தங்களை என்னவென்று சொன்னார்கள்? அங்கே மிஷனரி அகராதி இல்லையே.

நீலமலை:
நல்ல கேள்வி. கியூபாவில் லுக்குமி, பிரேசிலில் நாகோ, சியரா லியோனில் அக்கு. கடைசிப் பெயர் வணக்கம் சொல்வதிலிருந்தே வந்தது. வேலை செய்பவரைப் பார்த்தால் ஒரு "ஏ கூ", வீட்டில் இருப்பவருக்கு ஒரு "ஏ கூ", எதற்கெடுத்தாலும் "ஏ கூ" என்பதால் சியரா லியோன் தலைநகர் ஃப்ரீடவுனில் இவர்களுக்கு அக்கு என்றே பெயர் விழுந்துவிட்டது. ஷாங்கோ, ஓஷுன் என்ற தெய்வங்களும் கடல் தாண்டிப் போனார்கள். 16 பெரிய 'ஓடு' (குறி வடிவம்), மொத்தம் 256 'ஓடு' என்ற இஃபா குறிபார்க்கும் முறை ஹவானாவிலும் அதே கணக்கில் இருக்கிறது. ஒரே இனமில்லாமல் இது எப்படி?

கல்வெட்டுக்காரன்:
மூன்று ஊரில் மூன்று பெயர், மூன்றிலும் யொரூபா இல்லை. கவனித்தீர்களா? இஃபாவைப் பக்கத்து ராஜ்யமான தஹோமியின் ஃபோன் மக்களும் 'ஃபா' என்று வைத்திருந்தார்கள், அவர்கள் வேறு மொழிக்காரர்கள். ஊரை விட்டுப் பிடுங்கி எறியப்பட்ட பிறகுதான் எக்பாக்காரனும் ஓயோக்காரனும் "நம்ம ஆள்" ஆனார்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

பூங்கொடி:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மிஷனரி என்றதும் இரண்டு பேருமே வெள்ளைக்காரரைத்தான் மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். அந்த அகராதியைப் போட்டவர் யார்?

ஓஷோகுன் என்ற ஊரில் பிறந்த அஜாயி. 1821இல் ஊருக்குள் படை புகுந்தபோது பிடிபட்ட பையன். பல கை மாறி விற்கப்பட்டு, போர்த்துகீசியக் கப்பலில் ஏற்றப்பட்டு, 1822இல் பிரிட்டிஷ் கடற்படை மறித்து ஃப்ரீடவுனில் இறக்கிவிட்டது. அங்கே சாமுவேல் க்ரௌதர் ஆனார். 1843இல் யொரூபா சொற்தொகுதி, 1864இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப். பைபிள் மொழிபெயர்ப்பு முழுமையாக முடிந்தது 1884இல்.

இடையில் 1846இல் எக்பாக்களின் ஊரான அபெயோகுட்டாவுக்கு மிஷன் வேலையாக வந்தவர், 25 வருடம் கழித்து அங்கே தன் அம்மாவைச் சந்தித்தார். அந்த அம்மாவிடம் மகன் பேசியது பிறந்த வீட்டு மொழியையா, அகராதி மொழியையா? அவருக்கு அது ஒன்றுதான்.

அதனால் நீலமலை சொல்வதும் முழுதாகச் சரியில்லை. க்ரௌதரின் மொழி ஓயோ மொழி. அதுவே எழுத்து மொழியாக நிலைத்தது. அந்த ஒண்டோப் பாட்டியின் பேச்சு வட்டார வழக்காகக் கீழே இறங்கிவிட்டது. யொரூபா வரலாற்றை எழுதிய சாமுவேல் ஜான்சனும் ஓயோ வழி வந்தவர். 1897இல் எழுதி முடித்தார், கையெழுத்துப் பிரதி பதிப்பாளர் கையில் தொலைந்தது, அவர் 1901இல் இறந்தார், மருத்துவரான தம்பி குறிப்புகளை வைத்து மறுபடி எழுதி 1921இல்தான் அச்சானது. அதைப் படித்தால் ஓயோதான் நடுவீடு, மற்றவர்கள் திண்ணை. கிரிஜி சமாதானப் பேச்சுக்கு ஓடி ஓடித் தூது போனவரும் இதே ஜான்சன்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீலமலை:
ஓயோ சாய்வை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றுமில்லாத இடத்தில் அகராதியால் இனம் முளைக்காது.

லாகோஸ்வாசி:
மேலே இஃபா கணக்கு என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. சந்தையில் 45 என்பதற்கு என்ன சொல்வார்கள் தெரியுமா? ஐம்பதுக்கு ஐந்து குறைவு. அந்த ஐம்பதே மூன்று இருபதுக்குப் பத்து குறைவு. 17 என்றால் இருபதுக்கு மூன்று குறைவு. முதல் வருடம் நான் தக்காளிக்காரியிடம் ஏமாந்தது முழுக்க இந்தக் கழித்தலில்தான். பள்ளிக்கூடத்தில் ஆங்கில எண் படித்த பிள்ளைகள் இதில் திணறுவார்கள். கிழவிகள் திணறியதே இல்லை. மிஷனரி பள்ளியிலிருந்து வந்த சமாச்சாரம் இல்லை இது.

கல்வெட்டுக்காரன்:
எண்ணை எடுத்துக்கொள்கிறேன், நல்ல சான்று. சரி, தலைப்பில் 'உருவாக்கினார்களா' என்பதை 'ஒட்டவைத்தார்களா' என்று மாற்றுகிறேன். ஒட்டுவதற்குத் துண்டுகள் முன்பே இருந்தன. மிஷனரிகள் என்பது அப்படியே இருக்கும்.

பூங்கொடி:
அதையும் மாற்றுங்கள். ஒட்டவைத்தவர் ஓஷோகுன்காரர்.

கல்வெட்டுக்காரன்:
மாற்றத்தான் போனேன். ஒரு நாள் தாண்டிவிட்டால் தலைப்பைத் திருத்த முடியாதாம். பழைய தலைப்போடுதான் இருக்கும், திட்டாதீர்கள்.