ஜிம்ல கை கால் நடுங்குது, அவசரம்

மொட்டைமாடி:
வெயிட் தூக்கினா தடதடன்னு ஆடுது. பக்கத்துல நிக்கறவங்க திரும்பிப் பாக்கறாங்க, மானம் போகுது. நரம்புத் தளர்ச்சியா இருக்குமோ? சீக்கிரம் சொல்லுங்க.

சுண்டல்:
எது ஆடுது, கையா காலா? என்ன எக்சர்சைஸ், எத்தனை கிலோ? முதல் ரெப்லயேவா, கடைசிலயா?

கர்லாக்கட்டை:
வெறும் வயித்துல போறீங்க, அதான். ரெண்டு நேந்திரம்பழம், ஒரு கைப்பிடி ஊற வச்ச கடலை. முடிஞ்சுது கதை.

ஆர்ம்ஸ்_அருள்:
லாக்டிக் ஆசிட் ப்ரோ. மக்னீசியம் போடுங்க. நான் போடறேன், செம.

பழைய_பெருச்சாளி:
மேல 'தேடல்'னு ஒரு பெட்டி இருக்கு, அலங்காரத்துக்கு வைக்கல. சரி, மறுபடி சொல்றேன். ஒரு நரம்புச் செல், அது இயக்கற தசை நார்கள், ரெண்டும் சேர்ந்தது ஒரு மோட்டார் யூனிட். கண்ணை அசைக்கற தசையில ஒரு யூனிட்டுக்குப் பத்து இருபது நார்தான், கெண்டைக்கால்ல ஆயிரத்தையும் தாண்டும். சின்ன யூனிட் முதல்ல வேலைக்கு வரும், பாரம் ஏற ஏறப் பெருசு வரும். ஹென்னமன்னு ஒரு நரம்பியல் ஆய்வாளர் 1957லயே எழுதினது. லேசான பாரம்னா ஆளுக்கொரு நேரம் சுருங்கி, இழுப்பு சீரா இருக்கும். களைச்சா, பெரிய யூனிட்டுங்க விட்டு விட்டு, கும்பலா இழுக்கும். அந்த ஏத்த இறக்கம்தான் வெளிய ஆட்டமாத் தெரியுது. புது ஆளுக்கு எதிர்த்தசையும் சேர்ந்து இறுகும், அதனால கூடுதலா ஆடும். நரம்புத் தளர்ச்சியாம்!

சுண்டல்:
விஷயம் சரி. அந்த 'அலங்காரம்' இல்லாமலும் சொல்லியிருக்கலாம்.

மொட்டைமாடி:
பிளாங்க்ல வயிறு, ஷோல்டர் பிரஸ்ல கை. 7.5 கிலோ டம்பெல். கடைசி ரெண்டு மூணு ரெப்தான். ஆனா கை மட்டும் ஜிம்முக்குள்ள நுழையும்போதே லேசா நடுங்குது.

நைட்ஷிப்ட்_நர்ஸ்:
இதை முதல்லயே சொல்ல வேணாமா தம்பி? போறதுக்கு முன்னாடி என்ன குடிக்கிறீங்க? மாத்திரை, சுகர் ஏதும் உண்டா?

மொட்டைமாடி:
பிளாக் காபி ரெண்டு கப். சுகர் இல்ல, மருந்து எதுவும் இல்ல. வீசிங்குக்கு இன்ஹேலர் மட்டும் அடிச்சிட்டுப் போவேன்.

நைட்ஷிப்ட்_நர்ஸ்:
அதுவும் மருந்துதான் தம்பி! சால்பியூட்டமாலா? அது மூச்சுக்குழாயைத் தளர்த்தும், கை கால் தசையில இருக்கற பீட்டா-2 ஏற்பிகளையும் (மருந்து வந்து ஒட்டற இடம்) தூண்டும். கை நடுக்கம் அதோட சாதாரண பக்கவிளைவு. மேல ரெண்டு கப் காபி வேற. இன்ஹேலரை நீங்களா நிறுத்திடாதீங்க, காபியை விட்டுப் பாருங்க. எத்தனை பஃப் அடிக்கிறீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. சும்மா உக்காந்திருக்கும்போதும் நடுங்கி, எடையும் குறைஞ்சா தைராய்டு பாக்கச் சொல்லுவாங்க.

ஆர்ம்ஸ்_அருள்:
காபி இல்லாம ஒர்க்அவுட்டா? அதுக்கு வீட்லயே படுத்துக்கலாம்.

கர்லாக்கட்டை:
நாங்க தண்டால், பஸ்கி எடுத்தப்போ காபியும் இல்ல, உங்க பவுடரும் இல்ல.

ஆர்ம்ஸ்_அருள்:
டெட்லிஃப்டும் இல்லியே தாத்தா.

பழைய_பெருச்சாளி:
ரெண்டு பேரும் வேற இழைக்குப் போங்க. அருள், நீங்க சொன்ன லாக்டிக் ஆசிட், அதாவது உடம்புல இருக்கற லாக்டேட், வில்லன் இல்ல, தசையும் இதயமும் அதை எரிபொருளாவே எடுத்துக்கும். ஒரு மணி நேரத்துல ரத்தத்துல அளவு இறங்கிடும்.

ஆர்ம்ஸ்_அருள்:
அப்போ மக்னீசியம்?

பழைய_பெருச்சாளி:
தேடல் பெட்டி.

மொட்டைமாடி:
காபி கட். உள்ள போறப்போ கை பரவால்ல. பிளாங்க்ல ஆடுது, ஆடட்டும். டாக்டர்கிட்ட போகணும். நன்றி அக்கா.

தூக்கம்_வரல:
எனக்குக் கண் இமை துடிக்குது. ஜிம்முக்கே போறதில்ல. இதுலயே கேக்கலாமா?

சுண்டல்:
எந்தக் கண்ணு, எத்தனை நாளா?