‘ஒன்றுக்கு ஒன்று’ போடலாமா, கூடாதா?

ஈசூன்வாசி: சிங்கப்பூரில் ஒரு காப்பிக்கடைக்குள் இருக்கும் தோசைக் கடையை எடுத்துக்கொள்வோம். செட் தோசை 5 வெள்ளி (டாலர்). மாவு, சாம்பார், சட்னி, டப்பா எல்லாம் சேர்ந்து அடக்கம் 2 வெள்ளி. நாளுக்கு 100 செட் போகிறது. கூட்டம் சேர்க்க ஒரு வாரம் ‘ஒன்றுக்கு ஒன்று’, அதாவது ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரவுசெலவு: வேண்டாம். இப்போது செட்டுக்கு 3 வெள்ளி நிற்கிறது, நாளுக்கு 300. ஒன்றுக்கு ஒன்றில் 5 வெள்ளி வாங்கிக்கொண்டு 4 வெள்ளிச் சரக்கைக் கொடுக்கிறீர்கள், நிற்பது 1 வெள்ளி. அதே 300ஐப் பார்க்க 300 பேர் வரவேண்டும், 600 செட் ஊற்ற வேண்டும். கல்லில் ஒரு ஈட்டுக்கு ஆறு தோசை, ஈட்டுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால் மணிக்கு 120 தோசை. செட்டுக்கு இரண்டு என்றால் 60 செட். ஆக மதியம் 12 முதல் 2 வரை 120 செட்டுக்கு மேல் அந்தக் கல் தராது. தினமும் முழு விலை கொடுத்துச் சாப்பிட்டவர் வரிசையைப் பார்த்ததும் பக்கத்துக் கடை நாசி லெமாக்குக்குப் போய்விடுவார். 20 விழுக்காடு விலைக் கழிவும் பார்க்கத்தான் சின்னது. 4 வெள்ளிக்கு விற்றால் 2 நிற்கும், 150 செட் போனால்தான் பழைய இடத்துக்கு வரலாம்.

தோசைக்கல்: கணக்கு சரி அண்ணே, ஆனா நேரத்தை விட்டுட்டீங்க. மதியத்துக்கு எவன் சலுகை போடுவான்? 3லேருந்து 5 வரைக்கும் கல்லு சும்மா காயுது. சம்பளமும் வாடகையும் அது பாட்டுக்கு ஓடுது. நம்ம ஊர் வெக்கையில கரைச்சு வெளிய வச்ச மாவு ராத்திரிக்குள்ள புளிச்சுடும். அந்த நேரத்துல 20 பேர் வந்து ஆளுக்கு 1 வெள்ளி விட்டுட்டுப் போனாலும் இல்லாத 20 வெள்ளிதானே?

வரவுசெலவு: அந்த 20 பேரும் புதியவர்களாக இருந்தால் சரி. மதியம் வருகிறவர், மலிவாகக் கிடைக்கிறதே என்று 3 மணிக்குத் தள்ளிப்போட்டால் அவரிடம் 3 வெள்ளிக்குப் பதில் 1 வெள்ளிதான் நிற்கும், 2 வெள்ளி போச்சு. ஏழு பேர் அப்படி நகர்ந்தாலே 14 வெள்ளி நட்டம். மற்ற 13 பேர் தந்தது 13. கூட்டம் வந்தது, கல்லாவில் 1 வெள்ளி குறைந்தது.

தோசைக்கல்: அதுக்குத்தான் எண்ணணும்ங்கிறேன். சலுகைக்கு முன்னாடி இரண்டு வாரம் மணிவாரியா பில்லு எண்ணி வைங்க. சலுகை பில்லுக்குக் கல்லா மெஷின்ல தனிப் பொத்தான் போடுங்க. மதிய எண்ணிக்கை இறங்குச்சுன்னா மறுவாரமே நிறுத்திடலாம். எண்ணாமலே கூடாதுன்னா எப்படி?

தேக்கா_தே: தோசையில் ஏன் கை வைக்கிறீர்கள்? செட்டோடு தே (தேநீர்) இலவசம் என்று போடுங்கள். வாங்குகிறவருக்கு 1 வெள்ளி 60 காசு, கடைக்கு 40 காசுதான்.

வரவுசெலவு: ஏற்கெனவே தே வாங்குகிறவரிடம் 40 காசா போகிறது? 1 வெள்ளி 60 காசு முழுதாகப் போகிறது. பாதிப் பேர் அப்படி என்றால் சராசரியாக ஆளுக்கு 1 வெள்ளி. கொடுத்தே ஆகவேண்டும் என்றால் யாரும் காசு கொடுத்து வாங்காத பொருளாகப் பாருங்கள். சின்னக் கிண்ணம் கேசரி மாதிரி.

தேக்கா_தே: அதுவும் சரிதான். கேசரிக்கு நெய்யில் கஞ்சம் பிடிக்காமல் இருந்தால்.

சாப்_அட்டை: திரும்ப வரவைப்பதற்கு அட்டைதான் நல்லது. வாங்கும்போதெல்லாம் ஒரு சாப் (முத்திரை), பத்துச் சாப் சேர்ந்தால் பதினொன்றாவது இலவசம். முழுதாக நிரப்புகிறவருக்கே ஏறத்தாழ 9 விழுக்காடு கழிவுதான். இன்னொன்று, அட்டையில் பன்னிரண்டு கட்டம் போட்டு முதல் இரண்டு சாப்பை நீங்களே குத்திக் கொடுங்கள். நியூன்ஸ், ட்ரெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட கார் கழுவும் கடைச் சோதனையில், எட்டுக் கட்ட அட்டையை நிரப்பியவர்கள் 19 விழுக்காடு. பத்துக் கட்டத்தில் இரண்டு குத்திக் கொடுத்தபோது 34. இரண்டிலும் வாங்க வேண்டியது எட்டுதான்!

தோசைக்கல்: சாதா ரப்பர் சாப்பு வேணாம். அதே மாதிரி யார் வேணும்னாலும் செஞ்சுக்கலாம். விசித்திர வடிவத்துல துளை போடுற கருவி வாங்குங்க, பக்கத்துல தேதியும் எழுதுங்க. கல்லாப் பையன் கூட்டாளிக்கு அஞ்சாறு குத்திக் கொடுக்குறதும் நடக்கும், தேதி இருந்தா பில்லோட ஒத்துப் பார்க்கலாம்.

ஈசூன்வாசி: அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு வைத்திருப்பவர்களைப் பிடிக்க ஏதாவது?

சாப்_அட்டை: அது 2, 5, 10 வெள்ளியாகத்தான் வரும், மீதிக் காசு கொடுப்பதில்லை. செட்டையும் தேயையும் சேர்த்து 6 வெள்ளி 50 காசுக்கு ஜோடி போட்டால் வாங்குகிறவருக்கு இடிக்கும். செட்டும் தேயும் தனித்தனியாக 6 வெள்ளி 60 காசு. ஒரு வடையும் வைத்து 7 வெள்ளி ஆக்கினால் ஒரு 5, ஒரு 2, தட்டினால் முடிந்தது. தள்ளுபடியே தேவையில்லை.

வரவுசெலவு: இதை மட்டும் மறுக்க மாட்டேன். ஆனால் பலகையில் ‘வழக்க விலை 9, இன்று 7’ என்று எழுதிவிடாதீர்கள். 9க்கு உண்மையிலேயே விற்றிருக்க வேண்டும். விலை வெளிப்படைத்தன்மை பற்றிய வழிகாட்டிகள் 2020 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன, பொய்த் தள்ளுபடியும் ‘இலவசம்’ என்ற சொல்லும் அவற்றில் வருகின்றன. பொருள் சேவை வரிக்குப் பதிந்த கடை என்றால் காட்டும் விலையில் அந்த 9 விழுக்காடு வரியும் அடங்கியிருக்க வேண்டும்.

தேக்கா_தே: வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே?

சாப்_அட்டை: எண் கொடுத்தவர் சலுகைச் செய்தி அனுப்பச் சம்மதம் தந்திருக்க வேண்டும். இல்லையென்றால், விளம்பரம் வேண்டாம் என்றவர்களின் எண்கள் உள்ள ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டைப் பார்க்காமல் அனுப்பக்கூடாது. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரைதான், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும்.

ஈசூன்வாசி: அப்படியானால் 7 வெள்ளி ஜோடியும் துளை அட்டையும். 3 முதல் 5 வரை ஒன்றுக்கு ஒன்று, இரண்டு வாரம் எண்ணிய பிறகு.

வரவுசெலவு: முடிகிற தேதியைப் பலகையில் எழுதுங்கள். ‘ஸ்டாக் உள்ளவரை’ என்று போட்டுவிட்டு 4 மணிக்கே தீர்ந்தது என்றால் சண்டைதான் வரும். ‘நாளுக்கு முதல் 20 பேருக்கு’ என்று எண்ணோடு போடுங்கள்.

தோசைக்கல்: 21வது ஆளு வந்து நிக்கும்போது கல்லாவுல யாரு இருக்கப்போறாங்கன்னும் இப்பவே முடிவு பண்ணிக்குங்க, அண்ணே.