தன்னார்வ மட்டுறுத்துநர்களுக்குப் பதக்கம்: எதைக் கணக்கிட்டுக் கொடுப்பது?

கேள்வி: காவேரிப்பட்டினம் மாந்தோப்பு

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மா, தக்காளி விவசாயிகளுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து டிஸ்கோர்ஸ் மென்பொருளில் ஓர் இணையக் குழுமத்தை நடத்தி வருகிறோம். மாங்கூழ் ஆலைகள் இன்று பெங்களூரா ரக மாங்காயை என்ன விலைக்கு எடுக்கின்றன, ராயக்கோட்டை மண்டியில் தக்காளி என்ன விலைக்குப் போகிறது, மா பூத்திருக்கும்போது தத்துப்பூச்சிக்கு எந்த மருந்தை எந்த அளவில் அடிப்பது ஆகியவையே அங்கே பெரும்பாலும் பேசப்படுகின்றன. காய் பறிப்பு தொடங்கிவிட்டால் பதிவுகள் குவியும். கன்று விற்பவர்களின் விளம்பரமும் பொய்யான விலைத் தகவலும் அவற்றோடு சேர்ந்தே வரும். இவற்றைப் பார்த்துச் சரிசெய்ய மட்டுறுத்துநர்களாக ஆறு பேர் சம்பளம் ஏதுமின்றி உழைக்கிறார்கள்.

அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சென்ற பருவத்தில், ஆலையில் காய் இறக்கியதற்கான ரசீது என்று ஒருவர் ஒரு படத்தைப் போட்டார். அதிலிருந்த விலை மற்றவர்கள் சொன்னதைவிட வெகுவாகக் குறைவு. அதைப் பார்த்ததும், இன்னும் முற்றாத காயைப் பறித்து வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடலாமா என்று சிலர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் மட்டுறுத்துநர் ஒருவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, தேதி இருக்க வேண்டிய மேல் ஓரம் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டு, முழு ரசீதையும் போடும்படி கேட்டார். பதில் வரவில்லை, பதிவை மறைத்துவிட்டு, ஏன் மறைத்தோம் என்று அதே இழையில் நான்கு வரி எழுதினார். மென்பொருளின் கணக்கில் இது ஒரே ஒரு செயல். கன்று விளம்பரம் ஒன்றை நீக்குவதும் அதே கணக்கில் ஒரு செயல்தான்.

இவர்களுக்குக் கொடுக்க எங்களிடம் பணமில்லை. இத்தனை பதிவுகளைச் சரிபார்த்தால் வெண்கலப் பதக்கம், இத்தனைக்கு வெள்ளி, இத்தனைக்குத் தங்கம் என்று வைக்கலாம் என எங்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். அப்படி வைத்தால் எண்ணிக்கைக்காகவே வேலை நடக்கும் என்று மறுசாரார் அஞ்சுகிறார்கள். பெரிய குழுமங்களில் இது எவ்வாறு நடக்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில் 1: ஓசூர் நிரலாளர்

வணக்கம் ஐயா. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமாக 2008-இல் தொடங்கப்பட்ட ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் முறையை அன்றாடம் பார்ப்பவன் என்ற அளவில் எழுதுகிறேன். உங்கள் இரு சாராரும் சொல்வதற்கு அங்கேயே சான்று இருக்கிறது.

ஒரு பதிவு சரியில்லை என்று புகார் செய்பவர்களுக்கு அங்கே மூன்று படிகள் உண்டு. முதல் புகாருக்கு வெண்கலம். பயனுள்ளவை என ஏற்கப்பட்ட புகார்கள் 80 ஆனால் வெள்ளி. 500 ஆனால் தங்கம். ‘ஏற்கப்பட்ட’ என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். எத்தனை புகார் கொடுத்தாலும், வேறொருவர் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்டவை மட்டுமே வெள்ளிக்கும் தங்கத்துக்கும் சேரும். சரிபார்க்க வேண்டிய பதிவுகளைப் பயனர்கள் ஒவ்வொன்றாகப் பார்க்கும் மறுபரிசீலனை வரிசைகளுக்கான பதக்கமோ அப்படி அமைக்கப்படவில்லை. 250 பதிவுகளைப் பார்த்து முடித்தால் வெள்ளி, 1000 முடித்தால் தங்கம். பார்த்தது சரியா தவறா என்பது கணக்கில் வராததால், பதிவைப் படிக்காமலேயே ‘சரி, சரி’ என்று பொத்தானை அழுத்திக்கொண்டு போகிறவர்கள் பெருகினார்கள். அவர்களைப் பிடிப்பதற்காக, விடை முன்பே தெரிந்த பதிவுகளை வரிசைக்குள் சொல்லாமல் நுழைத்துச் சோதிக்கும் முறையைத் தளம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்தச் சோதனையில் திரும்பத் திரும்பத் தவறுபவர் சில நாட்களுக்கு அந்த வேலையைச் செய்ய முடியாது. பதக்கத்தை ஏற்படுத்திவிட்டு, அது வரவழைத்த ஆட்களுக்குக் காவலும் போட வேண்டிய நிலை!

ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இதே தளத்தில் பதிவுகளுக்கு வாக்களிப்பவர்களுக்குக் கிடைக்கும் பதக்கங்களை ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பதக்கத்துக்குரிய எண்ணிக்கையை நெருங்க நெருங்க மக்கள் அந்தச் செயலை மேலும் மேலும் செய்கிறார்கள் என்பதும், எட்டியவுடன் அது சரிந்துவிடுகிறது என்பதும் அவர்கள் கண்டவை. உங்களுக்கு வேலை குவிவது ஏப்ரல் முதல் ஜூலை வரை. ஏப்ரலிலேயே ஒருவர் தங்கத்தை எட்டிவிட்டால் மே மாதத்துக்கு அவரை எது இழுத்து வரும் என்பதை யோசிக்க வேண்டும்.

என் கருத்து இதுதான்: எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால், இன்னொரு மட்டுறுத்துநர் பார்த்து மாற்றாமல் நிலைத்த முடிவுகளை மட்டும் எண்ணுங்கள். ‘நீக்கினேன்’ என்பதைப் போலவே ‘பார்த்தேன், நீக்கத் தேவையில்லை’ என்பதையும் ஒரு முடிவாகவே கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீக்குவதில் கை வேகமாக இருப்பவருக்கே பதக்கம் போய்ச் சேரும்.

பதில் 2: பாலக்கோடு ஆசிரியை

எண்ணாமலும் பதக்கம் கொடுக்கலாம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். விக்கிப்பீடியாவில் 2003-ஆம் ஆண்டிலிருந்தே ‘பார்ன்ஸ்டார்’ என்னும் விண்மீன் பதக்கம் வழக்கத்தில் இருக்கிறது. அதே ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் இம்மரபு உண்டு. இதைக் கணினி கொடுப்பதில்லை. ஒரு பயனரின் உழைப்பைக் கண்ட இன்னொரு பயனர், அவருடைய பேச்சுப் பக்கத்துக்குச் சென்று, இன்ன வேலைக்காக இதை உங்களுக்கு வழங்குகிறேன் என்று எழுதி ஒட்டிவிட்டு வருகிறார். காரணம் எழுதாத பதக்கத்தை யாரும் பெரிதாக மதிப்பதில்லை.

இதற்குப் பலன் இருக்கிறதா என்றும் சோதித்திருக்கிறார்கள். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கில விக்கிப்பீடியாவின் மிக முனைப்பான பங்களிப்பாளர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பதக்கம் வழங்கினார்கள்; அடுத்த 90 நாட்களில், பதக்கம் பெறாத ஒத்த பயனர்களைவிட அவர்களுடைய பங்களிப்பு சுமார் 60 விழுக்காடு அதிகமாக இருந்தது. ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் புதியவர்களுக்கு அவ்வாறு வழங்கியபோது, அடுத்த மாதமும் தொடர்ந்து எழுதியவர்களின் அளவு சுமார் 20 விழுக்காடு உயர்ந்ததாக 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. ஆனால் இரண்டுமே கட்டுரை எழுதித் திருத்துபவர்களைப் பற்றியவை. மற்றவர்கள் எழுதியதை நீக்கி ஏச்சு வாங்கும் மட்டுறுத்துநருக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

தமிழ் விக்கிப்பீடியாவில் நான் கண்ட இன்னொன்றும் உண்டு. தொடர்ந்து நல்ல முறையில் பங்களிப்பவருக்குச் சுற்றுக்காவலர், முன்னிலையாக்கர் போன்ற அணுக்கங்களை, அதாவது கூடுதல் அதிகாரங்களை, கொடுப்பார்கள். நாசவேலையை ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கருவி கைக்கு வருகிறதே, அதைப் பெறும்போது ஏற்படும் மகிழ்ச்சி பதக்கத்தில் இருப்பதில்லை. ‘உங்கள் தீர்ப்பை நம்புகிறோம்’ என்று சொல்வதற்கு இதைவிட நேரான வழி வேறில்லை. அந்த ரசீதைக் கண்டுபிடித்தவருக்கு விலைத் தகவல் பகுதியின் முழுப் பொறுப்பையும் கொடுத்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

பதில் 3: அரூர் ஓய்வூதியர்

ஓசூர் தம்பியும் ஆசிரியை அம்மாவும் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. பதக்கம் கூலிக்கு மாற்றாகிவிடும் இடம் ஒன்று இருப்பதையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனம் தன் அரட்டை அறைகளைக் கவனித்துக்கொள்ள ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்திருந்தது. கைம்மாறாக அவர்களுக்குக் கிடைத்தது இலவச இணைய இணைப்பு. வேலைநேரம், அறிக்கை, பயிற்சி என்று ஊழியர்களைப் போலவே நடத்திவிட்டுக் கூலி தரவில்லை என்று 1999-இல் அவர்களில் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் இழுத்து, 2010-இல் 1.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ரெட்டிட் என்னும் உரையாடல் தளமோ 2024 மார்ச்சில் பங்குச் சந்தைக்கு வந்தபோது, மட்டுறுத்துநர்கள் உள்ளிட்ட பயனர்கள் வெளியீட்டு விலையிலேயே பங்கு வாங்கலாம் என்று ஓர் ஒதுக்கீடு செய்தது. வாங்கவும் காசு வேண்டுமே! உங்கள் குழுமத்தில் நாளைக்கே உரக்கடை விளம்பரம் வந்து வருமானம் பார்க்கத் தொடங்கினால், அன்றைக்கு அந்த ஆறு பேரும் தங்கப் பதக்கத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். அப்படி ஒரு எண்ணம் இருந்தால் இப்போதே அவர்களிடம் பேசிவிடுங்கள்.

அடுத்தது நம் பக்கத்து நிலவரம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் புகார் செய்தவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. இங்கே கன்று விளம்பரத்தை நீக்கியவரும், அந்தக் கன்றை விற்பவரும் ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில் நேருக்கு நேர் நிற்பார்கள். பெயருக்குப் பக்கத்திலேயே ‘தங்கக் காவலர்’ என்று மின்னினால், யாருடைய பதிவை யார் நீக்கியது என்று தேட வேண்டிய வேலைகூட மிச்சம். பதக்கம் வேண்டுமா, வேண்டுமென்றால் வெளியில் தெரிய வேண்டுமா என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். அதோடு, இரவு பத்து மணிக்கு மேல் வரும் வசவுகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை ஆளுக்கு ஒரு நாளாக மாற்றி மாற்றிக் கொடுங்கள். அந்த ஓய்வுக்கு எந்தப் பதக்கமும் ஈடாகாது.

பதில் 4: காவேரிப்பட்டினம் மாந்தோப்பு

மூவருக்கும் மிக்க நன்றி. எண்ணிக்கைப் பதக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடுகிறோம். விலைத் தகவல் பகுதியை அந்த மட்டுறுத்துநரிடமே ஒப்படைப்பது பற்றி இன்று மாலை பேசுகிறோம். விளம்பரம் வாங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. இருந்தாலும் அரூர் ஐயா சொன்னபடி அதை எழுத்திலேயே வைத்துவிடுவது நல்லது. ஆசிரியை சொன்னதைப் போலக் காரணத்தோடு கையால் வழங்குவதற்கு டிஸ்கோர்ஸில் வழி உண்டா? பெயருக்குப் பக்கத்தில் தெரியாமலும் இருக்க வேண்டும்.

பதில் 5: ஓசூர் நிரலாளர்

உண்டு ஐயா. நிர்வாகப் பக்கத்தில் புதிய பதக்கம் ஒன்றை உருவாக்கும்போது, அதைப் பட்டமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் தேர்வை எடுத்துவிட்டால், பதிவுகளில் பெயருக்குப் பக்கத்தில் அதை யாரும் வைத்துக்கொள்ள முடியாது. ஒருவருக்கே பலமுறை வழங்கலாம் என்ற தேர்வும் இருக்கிறது, அதை இயக்கி வையுங்கள். உறுப்பினரின் பக்கத்துக்குச் சென்று கையால் வழங்கும்போது, காரணமாக ஒரு பதிவின் சுட்டியைக் கொடுக்கலாம். மறைத்த பதிவின் சுட்டியைக் கொடுத்துவிடாதீர்கள், மற்ற உறுப்பினர்கள் அதைத் திறந்து படிக்க முடியாமல் போகலாம். ரசீது விஷயத்தில் அவர் அந்த நான்கு வரியை எழுதினாரே, அந்தப் பதிவின் சுட்டியைக் கொடுங்கள்.