நடுவில் 17 டிகிரி, ஓரத்தில் 15: கோணம் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

மழுங்கல்:
வணக்கம். கத்தியைக் கிளாம்பில் பிடித்து, ராடில் கல்லை மாட்டித் தீட்டும் கருவி வாங்கி ஒரு மாதம் ஆகிறது. கையால் தீட்டினால் கோணம் ஆடுகிறது என்றுதான் இதற்கே வந்தேன். இப்போது கருவியே ஆடுகிறதோ என்று சந்தேகம்.

20 செ.மீ. சமையலறைக் கத்தி. வாய், அதாவது வெட்டும் விளிம்பு, பெரும்பாலும் நேர்தான், முனைப் பக்கம் மட்டும் வளைந்து மேலேறும். கிளாம்பை அலகின் நட்டநடுவில் வைத்திருக்கிறேன். டிஜிட்டல் கோணமானியைக் கல்லின் முதுகில் ஒட்டி, நடுவில் 17 டிகிரிக்கு அமைத்தேன். கல்லைக் கைப்பிடிப் பக்கம் கொண்டுபோனால் 15. முனைப் பக்கம் கிட்டத்தட்ட 16.

இன்னொன்று: 400 வைரக் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைசு) பிசிறு, அதாவது வாயில் மறுபக்கம் மடியும் மெல்லிய உலோக இழை, நன்றாக எழும்புகிறது. 1000, 3000 நீர்க்கல்லுக்கு மாறியதும் சரிவு (வாயை ஒட்டித் தீட்டிய சாய்ந்த பட்டை) கண்ணாடி மாதிரி மின்னுகிறது, ஆனால் தாளில் வைத்தால் வெட்டாமல் கிழிக்கிறது. எத்தனை தேய் தேய்த்தாலும் அதே கதை.

அரம்:
கோணமானியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். கறுப்பு மார்க்கரால் சரிவு முழுக்கப் பூசி, 3000 கல்லால் அழுத்தாமல் நான்கைந்து இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறது, எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள். மூன்று இடத்திலும் சரிவின் அகலம் எப்படி என்பதையும்.

மழுங்கல்:
பார்த்தேன். சரிவின் மேல்பாதியில் மை போய்விட்டது. வாயை ஒட்டி மயிரிழை அகலத்துக்குக் கறுப்புக் கோடு அப்படியே நிற்கிறது, கைப்பிடிப் பக்க அடி முதல் முனை வரை. அகலம் அடியிலும் நடுவிலும் ஒன்றுதான். முனையில் மட்டும் கொஞ்சம் கூட.

கைத்தீட்டு:
இதற்குத்தான் கருவியே வேண்டாம் என்பது. கல்லும் கையும் போதும். சரி சரி, போகிறேன்.

சாய்தளம்:
அண்ணன் போகட்டும், நாம் கணக்கைப் பார்ப்போம். :)

முதலில் அந்த 15. அது பிழையே இல்லை. ராடு சுழலும் மூட்டு ஒரு புள்ளி. கத்தியின் நேரான வாய் ஒரு கோடு. ஒரு புள்ளியும் அதை விட்டு விலகிய ஒரு கோடும் சேர்ந்தால் ஒரே ஒரு தளம்தான். கல் எங்கே நகர்ந்தாலும் அந்தத் தளத்தில்தான் கிடக்கிறது, ஆகவே வாய்க்கு அது தரும் கோணம் மாறவே மாறாது. கோணமானி ஏன் குறைத்துக் காட்டுகிறது? அது ராடு போகும் திசையின் சாய்வை அளக்கிறது. ஓரத்துக்குப் போகும்போது ராடு குறுக்காகப் போகிறது. மேட்டில் நேராக ஏறினால் மூச்சு வாங்கும், குறுக்காக வளைந்து ஏறினால் சுலபம். மேடு என்னவோ அதே மேடுதான்.

எண்ணாகவே பாருங்கள். மூட்டு வாயிலிருந்து கிடையாக 180 மி.மீ. தள்ளி, 55 மி.மீ. உயரத்தில் இருந்தால் நடுவில் 17 டிகிரி. பக்கவாட்டில் 100 மி.மீ. போனால் தூரம் சுமார் 206 ஆகிறது, கோணமானி 15 காட்டும். உங்கள் அளவும் இதை ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், பார்க்க நல்லதாகத் தெரியும் அந்த 16-தான் நிஜமான குறை. முனையில் வாய் வளைந்து திரும்புவதால் அந்தத் தளத்தை விட்டு விலகிவிடுகிறது. அங்கே ராடு வாய்க்கு ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கிறது, ஆகவே கோணமானி சொல்வது உண்மை. கிளாம்பை முனையை நோக்கி 3 செ.மீ. தள்ளுங்கள், அங்கே கோணம் 17-ஐ ஒட்டி வரும். ரொம்பத் தள்ளினால் முனையில் கோணம் கூடிவிடும். அகலம் கூடியதற்கு முழுக் காரணமும் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஒரு டிகிரிக்கு அவ்வளவு தெரியாது. முனைப் பக்கம் வாய்க்குப் பின்னால் அலகு தடிப்பாக இருந்தாலும் சரிவு அகலமாகும்.

அரம்:
தாள் கிழிவதற்குக் காரணம் இது எதுவும் இல்லை. வைரக் கல்லையும் 3000 கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடிமனை அளந்தீர்களா?

மழுங்கல்:
இப்போதுதான் அளந்தேன். நீர்க்கல், அதன் தகட்டோடு சேர்த்து, 5 மி.மீ. தடிமன் அதிகம்!

அரம்:
அதேதான். கல் தடித்தால் ராடு வாய்க்கு மேலே அவ்வளவு உயர்ந்துவிடும், மூட்டோ இருந்த இடத்திலேயே இருக்கும். 55-க்குப் பதில் 50 என்று ஆகி, 17 டிகிரி 15.5 ஆகிவிட்டது. கல் சரிவின் தோளைத்தான், அதாவது சரிவு அலகோடு சேரும் மேல் விளிம்பைத்தான், தேய்க்கிறது, வாயைத் தொடவே இல்லை. நீங்கள் மெருகு போட்டது முழுக்கத் தோளுக்கு.

கல் மாற்றும்போதெல்லாம் கோணமானியைக் கல்லின் மேல் வைத்து, ராடு நடுவில் நேராக நிற்கும்போது மறுபடி 17 வரும்வரை ராடு மூட்டின் உயரத்தை ஏற்றுங்கள். உங்களுக்கு 5 மி.மீ. ஏற்ற வேண்டியிருக்கும். நீர்க்கல் தேய்ந்து நடுவில் குழி விழும், ஆகவே ஒரு தடவை குறித்து வைத்த எண்ணை நம்பிக்கொண்டே இருக்காதீர்கள். முனைக்கும் நடுவுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலும் கத்தி வெட்டும். ஒரே இடத்தில் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் அரை டிகிரி குறைந்தாலே வாய் தப்பிவிடும்.

அப்புறம், முனையில் கல்லை முழுக்க வெளியே இழுக்காதீர்கள். பாதிக் கல் அலகின் மேல் இருக்கும்போதே நிறுத்துங்கள், இல்லையென்றால் முனை உருண்டுவிடும்.

மழுங்கல்:
நேற்று இரவு உட்கார்ந்து எல்லாம் செய்தேன். கிளாம்பை 3 செ.மீ. நகர்த்தி, அலகில் அந்த இடத்தை டேப் ஒட்டிக் குறித்து வைத்தேன். முனையில் இப்போது 17. அடியில் 14 காட்டுகிறது, ஆனால் மேட்டுக் கதை படித்த பிறகு பயமில்லை. வைரக் கல்லில் முதலிலிருந்து பிசிறு எழுப்பி, ஒவ்வொரு கல்லுக்கும் மூட்டைச் சரிசெய்தேன். மை ஒரே சீராக, வாய் வரை போனது. தாள் சத்தமே இல்லாமல் வெட்டுப்படுகிறது.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். கிளாம்பைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் சரிவு சற்றே குறுகலாக இருக்கிறதே?

சாய்தளம்:
முதுகில் தடித்து வாயில் மெலியும் அலகு கிளாம்பில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். கோணமானியை அலகின் இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வரவில்லையென்றால் திருகைத் தளர்த்தி, ஒரு தாடையில் மெல்லிய டேப் ஒட்டி மறுபடி பிடியுங்கள். தடித்த டேப் வேண்டாம், அழுத்தத்தில் நசுங்கிக் கத்தி நழுவும்.